வலி நின்றதும் ஓடிவிடாதே

அன்புள்ள செந்திலுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ பாதி வாயால்தான் பேசினாய். படுத்தால் பல்வலி கூடுகிறது, காபி பட்டால் விண்ணென்று தெறித்து நெடுநேரம் அடங்கவில்லை என்றாய். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கெட்ட நரம்பை எடுத்துவிட்டுப் பல்லை அடைக்கிற ரூட் கெனாலுக்குப் பயந்து "பேசாம பிடுங்கிடலாமாம்மா" என்கிறாயே, வேண்டாம்டா. மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டு நாளைக் கடத்தவும் வேண்டாம். பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை மாத்திரை சரிசெய்யாது.

ஊசி போடும்போது ஈறில் ஒரு சுருக். மருந்தில் அட்ரினலின் கலந்திருந்தால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், பதறாதே. உதடு இட்லி மாதிரி உப்பிவிட்டதாகத் தோன்றும். நான் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை! கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குச் சில சமயம் ஒரு ஊசி போதாது. வலித்தால் உடனே கையைத் தூக்கு, இன்னொன்று போடுவார்கள். வீராப்பு காட்டாதே.

மேலே துளை போட்டு, மெல்லிய ஊசி போன்ற ஃபைல்களை விட்டு விட்டு எடுப்பார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் வேருக்குள் ஒரே குழாய்தான், கடைவாயில் மூன்று நான்கு இருக்கும். அதனால்தான் வாய் வலிக்கிற அளவுக்கு நேரமாகிறது. நடுவில் ப்ளீச்சிங் பவுடர் வாடை வரும்; உள்ளே கழுவுகிற மருந்து அந்த இனம்தான். கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் சரக்கைக் குச்சி குச்சியாக வைத்து அடைத்துவிடுவார்கள். சீழ் இருந்தால் இரண்டாவது தடவையும் வரச் சொல்லலாம்.

மரத்தது தெளியும்வரை எதையும் சாப்பிடாதே, உதட்டைக் கடித்துக்கொள்வாய். இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும், அது வழக்கம்தான். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போ. அந்தப் பல் மட்டும் உயரமாக இடித்தாலும் போய்ச் சொல், லேசாக ராவிவிடுவார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். எனக்கு எல்லாம் முடிந்ததும் டாக்டர் பல்லுக்கு மேலே மூடி மாதிரி கேப் போடச் சொன்னார். வலிதான் போய்விட்டதே, அதற்கு வேறு தண்டச் செலவா என்று நான் போகவே இல்லை. அந்த வருஷம் கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்த உப்புச்சீடையை வாயில் போட்டேன், டக்கென்று சத்தம். சீடைதான் உடைந்தது என்று நினைத்து மென்றுகொண்டே இருந்தேன். நாக்கில் கூராக ஏதோ உரசிய பிறகுதான் தெரிந்தது. பல் வேர்வரை பிளந்திருந்தது. உள்ளே குடைந்த பல்லுக்குச் சுவர் மெலிந்துபோகும். உள்ளே நரம்பும் இல்லாததால் விரிசல் விட்டபோது கூச்சம்கூடத் தெரியவில்லை. பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. இன்றைக்கும் முறுக்கு கடிக்க ஒரு பக்கம்தான் எனக்கு.

நீயாவது கேப் போட்டுவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. அதுவரை இங்கிருந்து சீடை பார்சல் வராது.

அம்மா