புக்கிட் திங்கி பிளவின் இரு கரையிலும் அளவுத் தூண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஆகஸ்டில் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்ததிலிருந்து, பினாங்கு ஆயர் ஈத்தாம் காப்பிக்கடையில் என்னைப் பார்க்கிறவர்கள் "நம்ம பக்கமும் வருமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். முப்பது வருடம் நில அளவை வேலையில் இருந்தவன் நான். நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் விடாமல் அளந்தால், எங்கே இழுவை சேர்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

2005 தொடக்கத்தில், பினாங்கில் ஒரு பழைய அளவுக் கல்லின்மேல் ஜிபிஎஸ் வைத்தோம். கோலாலம்பூர் நிலையத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் பழைய அளவோடு சில சென்டிமீட்டர் இடித்தது. ஆண்டெனா உயரத்தை நான் தப்பாக எழுதிவிட்டதாக முதலாளிக்குக் கோபம். மறுபடி போய் முக்காலியின் நீர்க்குமிழைச் சரிபார்த்து, டேப்பை மூன்று முறை மில்லிமீட்டர்வரை படித்தேன். அதே எண். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது: 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் லங்காவியை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் மேற்கே இழுத்திருந்தது. கோலாலம்பூர் அதில் பாதிகூட நகரவில்லை.

சுமத்ராவை நீளவாக்கில் வெட்டும் 1,900 கிலோமீட்டர் நிலப் பிளவையும் இப்படித்தான், ஜிபிஎஸ் ஆண்டெனா வைத்த தூண்களால் அளந்து எடைபோடுகிறார்கள். பிளவு சிக்கி நிற்கிற இடத்தில், அதை ஒட்டிய தூண்கள் ஒன்றைவிட்டு ஒன்று அதிகம் விலகுவதில்லை. தள்ளியிருப்பவை வருடாவருடம் எதிரெதிராகப் போகின்றன. அந்த வித்தியாசம் நிலத்தில் பாக்கியாகச் சேர்கிறது. வருடம் 15 மில்லிமீட்டர் என்றால் நூறு வருடத்தில் ஒன்றரை மீட்டர். அவ்வளவும் ஒரு நிமிடத்தில் தீரலாம்.

நம் நாட்டில், பகாங் மாநிலத்துப் புக்கிட் திங்கியில் 2007 இறுதியிலிருந்து சில வருடம் சிறு அதிர்வுகள் வந்தன. அங்கே நகர்வு மிக மெதுவானது. அளவுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். பத்துப் பதினைந்து வருடம் ஒரே இடத்தில் அளந்தால்தான் பிடிபடும். நில அளவைத் துறையான ஜூபெமின் மைஆர்டிகேநெட் ஜிபிஎஸ் நிலையங்கள் நில அளவைக்காக வைத்தவை, அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. பிளவுக்கென்று தனியாக, புக்கிட் திங்கியிலும் சிகாமட்டிலும், இரு கரையிலும் பாறையில் ஊன்றிய தூண்கள் வேண்டும். கூரை பழுதுபார்க்கிறோம் என்று ஆண்டெனாவைக் கழற்றி மாட்டக்கூடாது. ஒருமுறை கழற்றினாலே கணக்கில் ஒரு படி விழுந்துவிடும், நகர்ந்தது நிலமா ஆண்டெனாவா என்று பிரிப்பது பெரும்பாடு.

2015 ஜூன் 5 சபா மாநிலத்து ரானாவ் நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. அதை மறக்க முடியவில்லை. தூண்களை இந்த வருடமே ஊன்றட்டும். வருடாந்தர அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடட்டும்.

ஓய்வுபெற்ற நில அளவைப் பணியாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு