சரியான பதில் சொல்லிச் சண்டை வாங்கியவருக்கு

அன்புள்ள மாடித்தோட்ட நண்பருக்கு,

வணக்கம். மிளகாய்ச் செடியில் இலை சுருளுகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டதற்கு நீங்கள் எழுதிய பதில் இது: "இலையைப் பாத்தாலே தெரியுமே. மேல்நோக்கிச் சுருண்டா இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டா சிலந்திப்பேன்." விஷயத்தில் பிழை இல்லை. ஆனால் கேட்டவர் "எல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டது என் தப்புதான்" என்று போட்டுவிட்டுக் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று கேட்கிறீர்கள்.

"தெரியுமே"யின் கடைசியில் நிற்கும் ஏகாரம்தான். நேரில் சிரித்த முகத்தோடு சொன்னால் அது "பயப்படாதீங்க, சுலபம்தான்" என்று கேட்கும். முகம் தெரியாதவரின் கைபேசியில் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்கும். "தானே", "கூட", "ஆவது" எல்லாம் இதே குடும்பம்: "ஏற்கெனவே சொன்னதுதானே", "கூகுள்லயாவது தேடினீங்களா". அனுப்பும் முன் இந்த ஒட்டுகளை மட்டும் தேடி எடுத்துவிடுங்கள். "இலையோட அடிப்பக்கத்தைப் பாருங்க" என்று தொடங்கியிருந்தால் போதும்.

எழுதியவருக்கு இது உறைக்காது. தட்டச்சு செய்யும்போது அவருடைய குரல் அவர் காதிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். சிலர் கிண்டலான வாக்கியங்களையும் நேரான வாக்கியங்களையும் கலந்து மின்னஞ்சலில் அனுப்ப, பெற்றவர்கள் எது எந்த வகை என்று சொல்ல வேண்டும். நூற்றுக்கு 78 சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். புரிந்தது 56. காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வந்துவிடும்.

நம் குழுக்களில் ஊர் வழக்கும் சேர்ந்துகொள்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் "நீர் சொன்னது சரி" என்று எழுதினால், அங்கே அது "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவே, சமமானவர்களிடம் புழங்கும் இயல்பான பேச்சு. சென்னைக்காரர் காதில் நாடக வசனமாகவோ நக்கலாகவோ விழும். "கவனமாத் தெளியுங்கோ, என்ன?" என்பதில் வரும் "என்ன" வெறும் "சரியா?"தான், அதட்டல் இல்லை. இப்படி எதுவும் இடித்தால், எழுதியவர் எந்த ஊர் என்று முதலில் யோசியுங்கள்.

விளிச்சொல் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. எதிரில் இருப்பவரின் முகப்புப் படத்தில் பிள்ளையாரோ செம்பருத்தியோ இருக்கும். வயதும் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. "தம்பி" என்றால் அறுபது வயதுக்காரராக இருப்பார். வினையை "ங்க" போட்டு முடித்தால் மரியாதை வந்துவிடும். விவாதம் சூடான பிறகு வரும் "ஐயா"வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது பச்சையான அடி. கும்பிடும் கைப் பொம்மையும் அப்படித்தான்: முதல் வரியில் வணக்கம், சண்டையின் கடைசியில் "ஆளை விடு சாமி".

குழுவை விட்டுப் போனவர் மேல் தப்பே இல்லையா? உண்டு. ஆனால் கடிதம் உங்களுக்கு.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குள் உறைத்தால் திருத்துங்கள், அழிக்காதீர்கள். அழித்தால் அதன் தடம் அங்கேயே நிற்கும். பார்க்காதவர்கள் இன்னும் மோசமாகக் கற்பனை செய்வார்கள். நேரம் தாண்டிவிட்டால் "நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்று மட்டும் எழுதாதீர்கள், அது இரண்டாவது அடி. "நான் எழுதினது அப்படித்தான் தொனிக்குது, மன்னிக்கணும்" என்று ஒரே வரி. விளக்கம் நீண்டால் வழக்காடுவது போலாகிவிடும்.

தொனிச் சிக்கலைத் தனியாகப் பேசுங்கள். தகவல் பிழையைக் குழுவிலேயே திருத்துங்கள். லிட்டருக்கு 50 மி.லி. வேப்பெண்ணெய் என்று யாராவது எழுதினால், தனியாகச் சொல்வதற்குள் நாலு பேர் தெளித்து இலையைக் கருக்கிவிடக்கூடும். அப்போதும் ஆளைத் தொடாமல் அளவை மட்டும் தொடுங்கள்: "5 மி.லி. போதும், 50ன்னா இலை கருகலாம்."

வெளியேறியவருக்குத் தனிச்செய்தி ஒன்றே ஒன்று அனுப்பலாம். நீங்கள் எந்தக் குழுவில் இருந்த யார் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்தியைப் பலர் திறப்பதே இல்லை. அடுத்து அந்த மன்னிப்பு வரி. பிறகு, சுருண்ட இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அழைக்காதீர்கள், குரல் பதிவும் வேண்டாம். பதில் வராவிட்டால் மறுபடி எழுதாமல் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருவர்