காபெட்டை மாற்றுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரிக்கு முன் வாகனத்தைத் தயார்படுத்துவது பற்றி அண்மையில் உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்புகளை வாசித்தேன். டயர், பிரேக், வைப்பர் எல்லாம் சொல்லியிருந்தீர்கள், நல்லது. ஆனால் திருகோணமலையில் மழை பிடித்ததும் வாகனங்களுக்குச் சீட்டும் காபெட்டும் போடும் என்னைப் போன்ற குஷன் வேலைக்காரரிடம் வந்து நிற்பது வேறொரு பிரச்சினை. இடப்பக்க முன்சீட்டில் இருப்பவரின் காலடியில் தண்ணீர் தேங்குவது. அதைப் பற்றி யாரும் எழுதிக் காணவில்லை.

வருபவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: “காபெட் நாறுது, மாத்தித் தாங்க.” மாற்றிக் கொடுக்கலாம், எனக்கு அது வருமானம்தான். ஆனால் தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் புதுக் காபெட் போட்டால் அடுத்த மழையில் அதுவும் நாறும். பலர் அதற்கு முன்பே ஒரு கராஜுக்குப் போய், முன்கண்ணாடி ஓரமெல்லாம் சிலிக்கன் பூசி, அதற்கும் காசு கட்டிவிட்டு வந்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். எந்த இடத்தால் வருகிறது என்று தெரியாமலே எப்படிப் பூசினார்கள்?

அந்தச் சிலிக்கனால் கெடுதியும் உண்டு. பூசும்போது வினாகிரி வாடை வரும் சாதாரண வகை, தகட்டில் துருவைக் கிளப்பும். பிறகு ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி முறையான பசை போட்டு ஒட்டும்போது, மிச்சமிருக்கும் சிலிக்கன் அந்தப் பசையைப் பிடிக்கவும் விடாது.

காபெட்டைத் தொட்டுப் பார்த்து “காய்ந்துவிட்டது” என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே தெரிவது மெல்லிய துணிதான். அதன் அடியில் தடித்த ஃபெல்ட் அல்லது ஸ்பொஞ் இருக்கிறது. தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதான். கதவடிப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, காபெட்டின் ஓரத்தைத் தூக்கி, கையை உள்ளே விட்டு ஸ்பொஞ்சைப் பிழிந்து பாருங்கள். மேலே காய்ந்து கிடக்கும் காரிலும் விரலிடுக்கால் தண்ணீர் வழியும். அதன் கீழே வயர்கள் ஓடுகின்றன. ஜப்பானில் இருந்து வந்த வேகன் ஆர் எங்கள் ஊரில் நிறையவே ஓடுகிறது. அதன் ஹைபிரிட் வகைகளில் லித்தியம் பற்றரி இருப்பது இதே இடப்பக்க சீட்டுக்கு அடியில். தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் அதற்கும் ஒரு கையகலம்தான் தூரம்.

சரி, எங்கிருந்து வருகிறது? முதலில் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில், ஒரு துளி மழை இல்லாமல் காலடி நனைந்தால் அது ஏசித் தண்ணீர். தெளிவாக இருக்கும், மணம் இருக்காது. ஏசி போட்டு நிறுத்திய காரின் அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அது உள்ளேதான் போகிறது. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள எங்கள் கார்களில் ஏசியின் குளிர்ப்பெட்டி பெரும்பாலும் கிளவ் பொக்ஸுக்குப் பின்னால், இடப்பக்கமாக இருக்கும். அதிலிருந்து ஒரு சின்ன றப்பர்க் குழாய் வெளியே வருகிறது. தூசியும் பாசியும் அதை அடைத்துவிடும், சில வேளை குளவி மண் வைத்து அடைத்திருக்கும். வளையும் நைலோன் நூலை மெதுவாக விட்டு எடுத்தாலே பல கார்கள் சரியாகும். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் கீழிருந்து அடிக்க வேண்டாம். உள்ளே குழாய் கழன்றுவிட்டால் டாஷ்போர்டையே இறக்க வேண்டி வரும்.

மழையிலும் கார் கழுவும்போதும் மட்டும் நனைந்தால் வேறு கதை. இங்கே நான் அதிகம் கண்டது வேப்பஞ்சருகு. வெயிலுக்குப் பயந்து எல்லோரும் மர நிழலில்தான் காரை விடுகிறோம். உப்புவெளியிலும் கோட்டைக்குள்ளும் பார்த்தால் தெரியும். வேப்பிலை சின்னது. வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் வலையால் சுலபமாக உள்ளே இறங்கிவிடும். அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் அடியில் ஒரு தகட்டு வாய்க்கால் இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் போக வழி உண்டு. இலையும் பூவும் மக்கி அந்த வழியை அடைத்தால் வாய்க்கால் நிறையும். நிறைந்த தண்ணீர், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வாயால் புளோவருக்குள் (ஏசிக் காற்றை ஊதும் விசிறி) விழுந்து, அங்கிருந்து இடப்பக்கக் காலடிக்கு இறங்கும். கிளவ் பொக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டரை இழுத்துப் பாருங்கள். அது நனைந்து, சருகுத்தூள் ஒட்டியிருந்தால் காரணம் இதுதான். கையால் அள்ளித் துப்புரவாக்கி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். சிலிக்கனுக்கு இங்கே வேலையே இல்லை.

அடுத்தது கதவு. கண்ணாடி ஓரத்து றப்பர் தண்ணீரை முழுதாகத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், அடியில் உள்ள துளைகளால் வெளியேறும். அது உள்பக்கம் வராமல் காப்பது, கதவு போர்டுக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டிய ஒரு பொலித்தீன் விரிப்பு. ஸ்பீக்கர் பூட்டுபவரும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பவர் ஷட்டர் திருத்துபவரும் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள். செலோடேப் போட்டு ஒட்டியதையும் கண்டிருக்கிறேன், எங்கள் வெயிலுக்கு அது நிற்காது. பசையைப் புதிதாகச் சுற்றிப் போட்டு விரிப்பை ஒட்ட வேண்டும், கீழ்த் துளைகளில் உள்ள அடைப்பைக் குத்தி எடுக்க வேண்டும்.

சன்ரூஃப் உள்ள காரில் அதன் மூலைகளில் உள்ள வடிகால் குழாய்களையும் பாருங்கள். தண்ணீர் பிசுபிசுத்து, நிறமும் இனிப்பு வாடையும் இருந்தால் அது ஹீட்டரில் கசியும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இவ்வளவையும் ஊகத்தால் செய்ய வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஒரு தோட்டக் குழாயும் போதும். காபெட்டை மடித்துவிட்டு ஒருவர் டோர்ச்சோடு உள்ளே இருக்க வேண்டும். காய்ந்த தகட்டில் முகப்பவுடர் தூவினால் தண்ணீர் வரும் தடம் கோடாகத் தெரியும். மற்றவர் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும், அதுவும் கீழிருந்து மேலாக. முதலில் கதவின் அடி, பிறகு கதவுக் கண்ணாடி, அப்புறம் வைப்பர்ப் பகுதி, முன்கண்ணாடி, கடைசியாகக் கூரை. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாய் நனைந்து எதுவும் புரியாது. சர்விஸ் ஸ்டேஷன் பிரஷர்க் குழாய் இதற்கு உதவாது, நல்ல றப்பரையும் தாண்டி அது தண்ணீரை உள்ளே தள்ளும். தண்ணீர் கசியும் வழியை அடைத்த பிறகு சீட்டைக் கழற்றி, ஸ்பொஞ்சை வெளியே எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது எயார்பேக் சம்பந்தப்பட்டது. பற்றரி வயரைக் கழற்றாமல் அதைத் தொட வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தும் என்ன, வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டவில்லை. கையில் இருக்கும் பழைய காரைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டப் போகிறோம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் மாவட்டத்தின் வடக்குக் கரையால் ஏறியபோது பெய்தது போன்ற மழை இனியும் வரும். கடல் காற்றில் ஏற்கெனவே துருப்பிடிக்கும் தரைத்தகடு, ஈர ஸ்பொஞ்சுக்கு அடியில் எவ்வளவு காலம் தாங்கும்? ஓட்டை விழுந்த தகடுகளைக் காபெட் தூக்கும்போது பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களிடம் என் வேண்டுகோள்: சிலிக்கன் டியூப்பை எடுக்கும் முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கசியும் இடத்தை வாகனக்காரருக்குக் கண்ணால் காட்டுங்கள். அதற்கு அரைநாள் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கான கூலியை பில்லில் தனியாக எழுதிக் கேளுங்கள். வாகனக்காரரும் “பார்த்ததுக்கு ஏன் காசு?” என்று வாதாடாமல் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாகனக் குஷன் வேலை செய்யும் வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.