மாடிப் பையனின் கணக்கு: ஆவணப்படத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடியில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டு அறையைப் போன ஆடியில் ஒழித்தபோது, தேக்குப் பெட்டிக்குள், பர்மாவில் (இன்றைய மியான்மர்) ரங்கூன் மொகல் தெருவில் இருந்த நகரத்தார் (செட்டியார்) கடையின் பேரேடு ஒன்று அகப்பட்டது. ராமபாணப் பூச்சி தின்றது போக மீதியைப் படிக்க முடிகிறது. ஒரு பக்கத்தின் தலைப்பு, 'மாடிப் பையன்'. கடை மாடியில் குடியிருந்த பர்மியக் கல்லூரி மாணவன். மாதம் பிறந்தால் வாடகை பற்று, ஐந்தாம் தேதிக்குள் வரவு. 1962 ஜூன் வரை பிசகே இல்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் பற்று மட்டும். ஓரத்தில் பொடி எழுத்தில், 'ஆள் வரவில்லை'. அதன்பின் பக்கம் வெறுமை. கணக்கில் கால் காசு இடித்தாலும் விளக்கை அணைக்காத மேலாள் (கடையை நடத்தியவர்), இந்தக் கணக்கை நேர் செய்யவும் இல்லை, வராக்கடன் என்று தள்ளவும் இல்லை.

அந்த ஜூலையில் என்ன நடந்தது என்பது ஊரறிந்த செய்தி. மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள்மீது ராணுவம் சுட்டது. மறுநாள் விடியற்காலை, மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். இறந்தவர்கள் பதினைந்து பதினாறு பேர் என்றது அரசு. நூற்றுக்கும் மேல் என்றார்கள் மாணவர்கள். இடையில் உள்ள அத்தனை பேரும் எந்தப் பேரேட்டிலும் இல்லாதவர்கள்.

பெரிய இடத்து ஆட்களும் தப்பவில்லை. ஷான் மாநிலத்துச் சிபாவ் சமஸ்தானத்தின் கடைசி அரசர் சாவ் கியா செங், அமெரிக்காவில் சுரங்கப் பொறியியல் படித்தவர். தம் வயல்களை உழுதவர்களுக்கே கொடுத்தவர். ஆட்சிக் கவிழ்ப்பின்போது தௌங்ஜி அருகே ராணுவச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டவர், பிறகு வீடு திரும்பவே இல்லை. ராணுவ முகாமில் அடைபட்டிருப்பதாக அவர் எழுதிய சீட்டு ரகசியமாக மனைவி கைக்கு வந்து சேர்ந்தது. அவரைக் கைது செய்யவே இல்லை என்று அரசு சாதித்தது. இரண்டு மகள்களுடன் அந்த அம்மையார் 1964இல் நாட்டைவிட்டு வெளியேறினார். கணவருக்கு என்ன ஆயிற்று என்பதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

இப்படிக் காணாமற்போனவர்களைப் பற்றித்தான் எங்கள் ஆவணப்படம். "நம் சொத்து போனதைப் பற்றி எடுக்கக் கூடாதா?" என்று தேவகோட்டையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையாயின, அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். ஆனால் அந்த இழப்பை நாம் வரி விடாமல் எழுதி வைத்திருக்கிறோம். இன்னொன்றையும் படத்தில் மறைக்கப்போவதில்லை: 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார் கடைகளின் பெயரில் இருந்தது. கடனுக்கு நிலத்தை இழந்த பர்மிய உழவனைச் சொல்லாமல் நம் கண்ணீரை மட்டும் காட்டினால், அந்தப் படத்தைப் பர்மியர் ஒருவர் முன்னால் போட்டுக் காட்ட நமக்கு முகம் இருக்காது.

2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மியான்மருக்குள் கேமராவோடு போவது, பேட்டி கொடுப்பவர்களுக்கே ஆபத்து. ஆகவே தாய்லாந்தில் வாழும் பர்மியரையும் ஷான் மக்களையும் அங்கேயே சந்திக்கிறோம். இங்கே கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பெரியவர்களிடம் பேட்டி எடுத்து வருகிறோம். போன மாதம் பேசுவதாகச் சொன்ன ஓர் ஆச்சி இந்த மாதம் இல்லை. பயணம், பர்மிய மொழிபெயர்ப்பாளர், படத்தொகுப்பு, பேரேடுகளை ஸ்கேன் செய்வது எல்லாம் சேர்த்து ஒன்பது லட்ச ரூபாய் ஆகும். மூன்று லட்சம் கையில் இருக்கிறது. மீதிக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

ரங்கூன் கடைகளில் கோயிலுக்கென்று மகமை எடுத்து வைத்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, 1,001 ரூபாய் என்று கேட்கிறோம். கூடக் கொடுத்தால் மகிழ்ச்சி, குறைத்துக் கொடுத்தாலும் ரசீது உண்டு. புள்ளி என்றதும் இது நகரத்தார் காரியம் என்று மற்றவர்கள் ஒதுங்க வேண்டாம். சமையலுக்கும் கணக்கெழுதவும் கப்பலேறியவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். வரவு செலவை மாதந்தோறும் அச்சிட்டு, கொடுத்தவர்கள் அனைவருக்கும் அனுப்புவோம்.

மலேசியா, சிங்கப்பூர் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் பணம் வாங்க அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். எங்களிடம் அது இல்லை. நீங்கள் பணத்துக்குப் பதிலாக, அப்பச்சி, ஐயா காலத்துக் கடிதங்களையும் புகைப்படங்களையும் படமெடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக, காசு செலவில்லாத உதவி ஒன்று. பழைய பேரேட்டில் தமிழ் எண்களும் மாகாணி முதலிய பின்னக் குறிகளும் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், ஞாயிறு காலை எங்களோடு உட்கார வாருங்கள். மாடிப் பையன் பக்கத்தில் இரண்டு வரி எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
ஆவணப்படக் குழுவினர்
காரைக்குடி