ஜன்னலோரக் காட்சியை மீட்டுத் தந்த எல்லோருக்கும் நன்றி

எங்கள் குறும்படத்தின் ஜன்னலோரக் காட்சியை நேற்று முழுதாகப் போட்டுப் பார்த்தோம். மகன் பேசுவது முன்பு எடுத்தது, அம்மா பதில் சொல்வது பல மாதம் கழித்து எடுத்தது. ஒரே மாலையில் எடுத்த மாதிரிதான் இருக்கிறது. மெமரி கார்டு கெட்டுப்போய் அம்மா பக்கத்து ஷாட்கள் மொத்தமும் அழிந்தபோது, காட்சியையே தூக்கிவிடலாம் என்ற பேச்சுகூட வந்தது. அப்படி நடக்காமல் காப்பாற்றியவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி எடிட்டர் அண்ணாவுக்கு. கையில் இருந்த மகனின் ஷாட்களை வெட்டி அடுக்கி, அம்மாவின் முகம் கட்டாயம் தேவைப்படும் இடங்களை மட்டும் குறித்துக் கொடுத்தார். முழுக் காட்சிக்குப் பதில் ஒரு சில ஷாட்கள் போதும் என்றானது. காசும் நேரமும் இல்லாத மாணவர் படத்துக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

கன்டினியுட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த தங்கைக்கு என்ன சொல்வது! 50 எம்.எம். லென்ஸ், கேமராவின் உயரம், முகத்துக்கும் கேமராவுக்கும் இருந்த தூரம் எல்லாம் அவள் நோட்டில் இருந்தன. அம்மாவின் வலது கைச் சட்டையில் இரண்டு மடிப்பு, இடது கையில் மடிப்பே இல்லை. எந்த வசனத்தில் டம்ளரைக் கீழே வைக்கிறார், அப்போது தண்ணீர் எவ்வளவு என்பதுவரை எழுதியிருந்தாள்.

வெளிச்சம்தான் எனக்குப் பெரிய பயம். பருவம் மாறியதில் வெயில் விழும் கோணமும் மாறிவிட்டது. ஒளிப்பதிவாளர் வெயிலை நம்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணியால் கூடாரம் கட்டி, உள்ளே பகல் வெளிச்சத்தின் நிறத்தில், 5600 கெல்வினில், எல்இடி லைட்டை வைத்து, முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டினார். அப்புறம் முதல் ஷூட்டில் செல்போனில் எடுத்த ஸ்டில்லை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். மூக்கின் நிழல் கன்னத்தில் அதே இடத்தில் விழும்வரை லைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். லைட் பிடித்த தம்பிகள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

வீட்டுக்காரம்மா சுவருக்குப் புது வர்ணம் அடித்திருந்தார். பழைய நிறம் பூசிய பிளைவுட் பலகையை அங்கே நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார், போர்வைகளும் தந்தார். சாமான்கள் குறைந்து அறை எதிரொலித்ததால் சவுண்ட் பார்த்த நண்பர் அந்தப் போர்வைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டார். முதல் ஷூட்டிலேயே ஒரு நிமிட ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அறையில் கேட்கும் சத்தத்தை எடுத்து வைத்திருந்தவரும் அவர்தான். அதை அடியில் ஓடவிட்டதால் கட் விழும் இடம் காதுக்குத் தெரியவில்லை.

மகனாக நடித்தவர் வேறொரு நாடகத்துக்காக மொட்டை அடித்திருந்தார். மகனுக்குப் பின்னாலிருந்து அம்மாவைக் காட்டும் சஜஷன் ஷாட்டில் அவர் தோளும் பின்தலையும் தெரியவேண்டுமே! அதே உயரமுள்ள நண்பர் ஒருவர் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகம் வராது என்று தெரிந்தும் பொறுமையாக நின்று கொடுத்தார்.

ஆனால் அம்மாவின் குளோஸ் அப் எடுக்கும்போது மகனாக நடித்தவரே வந்துவிட்டார். அம்மா பார்க்கும் திசை மாறக்கூடாது என்று கேமராவை ஒட்டி நின்று, ஃபிரேமில் தான் இல்லாதபோதும் ஒவ்வொரு டேக்கிலும் முழுசாக நடித்தார். கடைசி வசனத்தில் அவர் குரல் உடைந்தது. அதைக் கேட்டுத்தான் அம்மாவாக நடித்த அக்காவின் கண் கலங்கியது. படத்தில் இருப்பது அந்த டேக்தான்.

உங்கள் எல்லோர் பெயரும் டைட்டிலில் வரும். எழுத்துப் பிழை இல்லாமல் போட வேண்டும், பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். திரையிடல் தேதி முடிவானதும் சொல்கிறேன். கட்டாயம் வாருங்கள்.