பால் பாக்கெட்டில் கொழுப்பு அளவைப் பெரிதாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வருடம் என் கணவருக்கு இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த உணவுச் சீட்டில் "கொழுப்பு குறைந்த பால், தயிர்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. எந்தப் பால் என்று அதில் இல்லை. கடையில் கேட்டதற்கு நீல பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்கள், நானும் ஐந்து மாதம் அதையே வாங்கினேன். அதில் கொழுப்பு 3 சதவீதம். அதிலும் பாதியாக 1.5 சதவீதம் மட்டுமே உள்ள பால் ஒன்று இருக்கிறது என்பது மகள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பெயர் இருமுறை சமன்படுத்தப்பட்ட பால். நீலம் சமன்படுத்தப்பட்ட பால். 4.5 சதவீதம் உள்ளது நிலைப்படுத்தப்பட்ட பால். இந்தப் பெயர்களை மட்டும் பார்த்து எதில் கொழுப்பு அதிகம் என்று யாரால் சொல்ல முடியும்? 6 சதவீதம் உள்ளதற்கு மட்டும்தான் நிறை கொழுப்புப் பால் என்று புரிகிற பெயர் வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் நிறை கொழுப்புப் பாலில் சுமார் 30 கிராம் கொழுப்பு, அதாவது ஆறு டீஸ்பூன் நெய். இருமுறை சமன்படுத்தியதில் ஒன்றரை டீஸ்பூன்தான். பால் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான். சாப்பிடும் கலோரியில் 10 சதவீதத்துக்குள் அதை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். அந்த அரை லிட்டர் பாலிலேயே கிட்டத்தட்ட 20 கிராம் வந்துவிடுகிறதே!

"தண்ணிப் பால், சத்தே இருக்காது" என்று என் மாமியார் வருத்தப்பட்டார். கொழுப்பை எடுத்தால் புரதமும் கால்சியமும் போய்விடாது. கொழுப்பு நீங்கலான மற்ற சத்துகள் இருமுறை சமன்படுத்தப்பட்ட பாலிலும் நிறை கொழுப்புப் பாலிலும் குறைந்தது 9 சதவீதம் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தயிர் கொஞ்சம் இளக்கமாக உறையும், அவ்வளவுதான். நான் பாலைச் சிறு தீயில் பத்து நிமிடம் கூடுதலாகக் காய்ச்சி உறை ஊற்றுகிறேன், கெட்டியாகவே வருகிறது. ஆனால் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பால் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. நீல பாக்கெட் வாங்கிய நாட்களில் ஏட்டைத் தினமும் எடுத்துவிடுவேன், ஆனால் அதைச் சேர்த்து வைத்து வெண்ணெய் எடுத்து நெய் காய்ச்சி அவருடைய பருப்புச் சாதத்திலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். ஏடு எடுத்து என்ன பயன்? கொழுப்பு இல்லாதது என்று விற்கும் பழத் தயிரிலும் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பால் நிறுவனங்கள் கொழுப்புச் சதவீதத்தை பாக்கெட்டின் முன்பக்கம், கண்ணாடி போடாமலே படிக்கும் அளவில் அச்சிட வேண்டும். உங்கள் மருத்துவப் பக்கமும் "கொழுப்பு குறைந்த பால்" என்று எழுதும் இடத்தில் 1.5 சதவீதம் என்று எண்ணைப் போட்டே எழுதட்டும். இருமுறை சமன்படுத்தப்பட்ட பாலை நாம் கேட்டால்தான் கடைக்காரர் வரவழைப்பார். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டோம், இப்போது தினமும் பத்து பாக்கெட் வருகிறது, ஏழு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி