சென்டம் எத்தனை என்று கேட்டாய்

சென்னிமலைப் பக்கம்,
18 மே 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கையில் செல்போனை வைத்துக்கொண்டு இரண்டு கிழவர்கள் எதற்குத் தபாலில் எழுதிக்கொள்கிறார்கள் என்று என் மகள் கேட்கிறாள். கேட்கட்டும். முழங்கால் வலி இப்போது பரவாயில்லை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். கடையில் மாடிப்படி ஏறுவதை மட்டும் குறைத்துக்கொள். பேரனுக்குக் காது குத்து ஆடி கழித்துத்தானே? தேதி முடிவானதும் முதலில் எனக்குச் சொல்லிவிடு, லீவு சொல்ல வேண்டும்.

இங்கே கத்திரி நடக்கிறது. நடுவில் ஒரு மழை பெய்ததால் கொஞ்சம் தப்பித்தோம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது. நாம் குதித்துக் குளித்த மதகுப் பக்கம் இப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "நம்ம பள்ளிக்கூடம் என்ன ரிசல்ட், எத்தனை சென்டம்?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். ஒரே வரியிலும் பதில் சொல்லலாம். 82 பேர் எழுதினார்கள், 80 பேர் தேர்ச்சி, சென்டம் ஒன்றே ஒன்று, அதுவும் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில். மாநில அளவில் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். நம் ஈரோடு மாவட்டம் 97.98 வாங்கி அரியலூருக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. மூன்றாவது திருப்பூர், நாலாவது கோவை. போன வருஷம் திருப்பூர்தான் முதலிடம். ஆக, கொங்கு நாட்டுக்குக் குறை ஒன்றுமில்லை. எங்கள் பள்ளி மட்டும் 97.56-ல் நின்று, மாவட்டச் சராசரிக்கு ஒரு முழம் கீழே போய்விட்டது. தலைமையாசிரியருக்கு முகமே இல்லை. எல்லோரும் தேர்ச்சி பெற்ற பள்ளிகளுக்குப் பாராட்டும் கேடயமும் உண்டு. அலுவலக அலமாரியில் அதற்கென்று ஓர் இடத்தைக்கூடத் துடைத்து வைத்திருந்தார், பாவம்.

தவறிய இருவரில் ஒரு பெண் என் பாடத்தில்தான் தவறினாள். கணக்குப்பதிவியல். இருப்புநிலைக் குறிப்பு எப்படிப் போட்டாலும் அவளுக்கு இரண்டு பக்கமும் சேராது. ஜனவரியிலேயே அவளைத் தனியாக உட்கார வைத்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ஜூன் கடைசியில் துணைத் தேர்வு வருகிறது. தினமும் காலையில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் சம்சாரம் இட்லி கொடுத்துப் பழக்கிவிட்டதால் தவறாமல் வருகிறாள்.

ஆனால் மாப்ளே, இந்த வருஷம் நான் பெருமைப்படுகிற எண் 80 இல்லை, 82. பேர் கொடுத்த 82 பேரும் பரீட்சை எழுதினார்கள். ஒரு பெஞ்சுகூடக் காலி இல்லை. இது உனக்குப் பெரிதாகத் தெரியாது. 2023-ல் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு, முதல் நாளே, மாநிலம் முழுக்கச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. அப்போது பேப்பரில் படித்துவிட்டு எல்லோரும் திகைத்தார்கள், எனக்கு ஒன்றும் திகைப்பில்லை. நம் பக்கம் பதினேழு வயதுப் பையன் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை என்றால் எங்கே இருப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் பனியன் கம்பெனி வண்டி ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூர் போகிறது. கைமடி என்கிற எடுபிடி வேலைக்கு யாரும் மார்க் சீட் கேட்பதில்லை. சனிக்கிழமையானால் கையில் பணம். அதை ஒருமுறை பார்த்தவனை மறுபடியும் பேரேட்டுக்கு முன்னால் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இந்த வருஷம் அப்படி ஒருவன் போனான். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது வரவில்லை. அவன் அப்பா இரண்டு விசைத்தறி வைத்திருந்தவர். கூலி கட்டுப்படியாகாமல் தறியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு இப்போது பெருந்துறை சிப்காட்டில் வாட்ச்மேன். அம்மா வீட்டிலேயே ஒரு பவர் டேபிள் தையல் மிஷின் போட்டு பனியன் தைக்கிறார். நானும் தமிழ் டீச்சரும் ஜனவரியில் இரண்டு முறை போனோம். "வருவானுங்க சார், கடன் ரெண்டு தவணை முடிஞ்சா அனுப்பிர்றனுங்க" என்று அந்தம்மா சொன்னார். அரிசிம்பருப்பு போட்டு, நெய் விட்டு, சாப்பிடாமல் விடவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தோம். பையன் வரவில்லை.

அப்புறம் பிப்ரவரி. உனக்கு இது தெரிந்திருக்காது, நம் காலத்தில் இல்லை. இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முகப்புத்தாள் அச்சடித்து வருகிறது. பிள்ளையின் போட்டோ, பதிவெண், பாடம், தேதி, பார்கோடு எல்லாம் அதிலேயே இருக்கும். பரீட்சைக்கு முன்னாலேயே அதை விடைத்தாளோடு சேர்த்துத் தைத்து வைக்க வேண்டும். பிளஸ் டூவுக்கு மட்டும் ஆறு பாடம், 82 பேர், 492 தையல். அதற்கு மேல் பிளஸ் ஒன், பத்தாம் வகுப்பு. ஒரு பிள்ளையின் தாள் இன்னொரு பாடத்து விடைத்தாளில் போய் ஒட்டிக்கொண்டால் தலைவலி. கணக்குப்பதிவியலுக்கு விடைத்தாளே வேறு மாதிரி. அதனால் ஆசிரியர் ஒருவர் எடுத்துக் கொடுக்க, தையல்காரர் தைக்க, இன்னொருவர் சரிபார்க்க, மூன்று நாள் ஒரு வகுப்பறை தையல் கடையாகவே மாறிவிடும்.

வழக்கமாக வரும் டெய்லர் இந்த முறை வரவில்லை. சத்துணவுக்கூடத்து அக்காதான் அந்தப் பையனின் அம்மாவைக் கூட்டி வந்தார். நான் வேண்டுமென்றே ஏற்பாடு செய்தேன் என்று தமிழ் டீச்சர் இன்றைக்கும் சொல்கிறார். சத்தியமாக இல்லை.

பள்ளியில் இருப்பது பழைய கால்மிதி மிஷின். "கால் மிசின்ல தெச்சுப் பல வருசமாச்சுங்" என்று சொல்லிவிட்டு எண்ணெய் போட்டார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், ஒரு வீணான தாளில் இரண்டு ஓட்டம் ஓட்டினார். அவ்வளவுதான், பிறகு கை நிற்கவில்லை. கம்பெனிக்குத் தைக்கிற கை இல்லையா? நான் எடுத்துக் கொடுக்கிற வேகம்தான் பத்தவில்லை. நீல நூல், இடது ஓரத்தில் ஒரே நேர்க்கோடு, கடைசியில் ஒரு பின்தையல், பல்லால் நூலைக் கடித்து அடுத்தது.

இரண்டாம் நாள் மதியம் திடீரென்று மிஷின் சத்தம் நின்றது. நிமிர்ந்தேன். கையில் ஒரு முகப்புத்தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் போட்டோ. அந்தப் போட்டோ போன ஜூலையில் எடுத்தது, எண்ணெய் வைத்துப் படிய வாரி, யூனிஃபார்ம் சட்டையில் மேல் பித்தான்வரை போட்டிருந்தான். அதைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டு, "சார், இதையும் தெக்கோணுமுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிரசங்கம் பண்ணுகிற வயசுதான், வாய் வரவில்லை. "பேர் வந்திருக்குதுங்களே. தெச்சு வைங்க" என்றேன். எடுத்தார், தைத்தார். அவனுடைய ஆறு தாளும் ஒன்றாக இல்லை, பாடவாரியாகத்தான் அடுக்கியிருந்தோம். அதனால் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் சத்தம் ஒரு நொடி நிற்கும், பிறகு ஓடும். கூலியை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் சாயங்காலச் சிறப்பு வகுப்புக்கு, ஆறு மணிக்கு, அரசு கொடுத்த சைக்கிளில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். விரல் நுனியெல்லாம் நூல் தூசி. நானும் ஒன்றும் கேட்கவில்லை. தேய்மானம் நடத்திக்கொண்டிருந்தேன், அதையே தொடர்ந்தேன்.

மார்ச் 3 தமிழ்ப் பரீட்சை. பத்து மணிக்கு மணி அடித்து, கேள்வித்தாள் படிக்கப் பத்து நிமிஷம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிஷம், பிறகுதான் எழுத வேண்டும். ஒன்பதே முக்கால் வரைக்கும் நான் கேட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். வந்தான். ஆறு நாளும் வந்தான். 600-க்கு 318. ஆங்கிலத்தில் 36. முப்பத்தைந்து வாங்கினால் பாஸ், ஒன்று உபரி. கணக்குப்பதிவியலில் 61, அதற்கு மட்டும் நான் கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.

இப்போது ஈரோட்டில் பி.காம். சேர விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் கல்லூரி போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022-லேயே வந்துவிட்டது, பையன்களுக்கு இது போன ஆகஸ்டில்தான் கோவையில் ஆரம்பித்தார்கள். அவனுக்கு ஆயிரம் ரூபாய் என்பது ஒன்றரை ஷிப்ட்டாக இரண்டு நாள் பார்த்தால் கிடைக்கிற காசு. அதை அவனே என்னிடம் கணக்குப் போட்டுச் சொன்னான். போவானா மாட்டானா என்று ஜூனில்தான் தெரியும்.

மற்ற செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் நாலு பேர் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினார்கள். ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை ஆளுக்கு வருஷம் 12 ஆயிரம் கிடைக்கும். கலைத் திருவிழாவில் ஒரு பெண் களிமண் சிற்பத்துக்கு மாவட்டம்வரை போனாள். காங்கேயம் காளை செய்தாள். திமில் மட்டும் கொஞ்சம் ஒட்டகம் மாதிரி இருந்ததென்று நடுவர் சொன்னாராம், கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. உடற்கல்வி ஆசிரியர் இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். மைதானத்துக்கு ஒரு சுற்று சுண்ணாம்புக் கோடு தானே போட்டுவிட்டுத்தான் போவேன் என்கிறார்.

ஆண்டு விழாவைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது அரசுப் பள்ளிகளில் விழா நடத்த அரசே பணம் தருகிறது, அதனால் மைக் செட்டுக்காரரிடம் கடன் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் முப்பது பேர் வள்ளி கும்மி ஆடினார்கள். காரமடைப் பக்கத்துக் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்த பிறகு ஊருக்கு ஊர் கும்மி வகுப்புதான். மண்டபத்தில் ஆடுகிற கும்மியில் சில இடங்களில் யார் வீட்டுப் பிள்ளை என்கிற விசாரணையும் சேர்ந்துகொள்கிறது, அது எனக்குப் பிடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சே இல்லை. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வட்டம், ஒரே பச்சைச் சேலை. சேலையெல்லாம் வாடகை. நடுவில் கரண்ட் போய்விட்டது. பாட்டு நின்றது, கைதட்டு நிற்கவில்லை. இருட்டில் முப்பது பேரும் வாயாலேயே பாடி முடித்தார்கள். கீழே உட்கார்ந்திருந்த பாட்டிகள் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். கரண்ட் வந்தபோது வட்டத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள்.

கடைசிப் பரீட்சை அன்றைக்கு வழக்கம்போல சட்டையில் மை தெளிக்கும் திருவிழா. கேட்டில் நான்கு ஆசிரியர்கள் காவல் நின்றோம். என் வெள்ளைச் சட்டையில் முதுகில் ஒரு பெரிய நீலப் பொட்டு. யார் என்று எனக்குத் தெரியும், பெண் பிள்ளைதான், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ போன வருஷம் வாங்கித் தந்த இரண்டு பீரோவும் நூலகத்தில் நன்றாக இருக்கின்றன. ஒன்றின் சாவி தொலைந்துவிட்டது, பூட்டாமல் வைத்திருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, அந்தப் பீரோவிலிருக்கும் புத்தகங்கள்தான் அதிகம் படிக்கப்படுகின்றன.

ஜூன் 2 பள்ளி திறப்பு. அதற்குள் மாற்றுச் சான்றிதழ் வேலை, பதினோராம் வகுப்புச் சேர்க்கை. காது குத்துக்கு வரும்போது இரண்டு நாளாவது தங்குகிற மாதிரி வா. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: மாற்றுச் சான்றிதழ் வேலைக்காகப் பழைய பதிவேடுகளை இறக்கினோம். 1986 பிளஸ் டூவும் கையில் அகப்பட்டது. உன் கணக்கு மதிப்பெண் 200-க்கு 71. எழுபதுதானே அப்போது பாஸ்? புனேயில் இரண்டு பெட்ஷீட் கடை வைத்துக்கொண்டு என்னிடம் சென்டம் எத்தனை என்று கேட்கிறாய். பக்கத்தை மூடி மேல் அடுக்கில் வைத்துவிட்டேன், தலைமையாசிரியர் பார்க்கவில்லை.